குளூட்டமேட்: விழித்திரையின் தூதுப்பொருள்

செட்டிநாட்டுப் பக்கம் குளூட்டமேட் என்றால் அஜினமோட்டோதான் நினைவுக்கு வரும். ஆச்சிமார் அடுப்படியில் அதற்கு வேலையில்லை. காரைக்குடி ஃப்ரைடு ரைஸ் கடைகளில் உண்டு. அந்தத் தூளில் இருக்கிற அதே குளூட்டமேட்தான் விழித்திரையில் ஒரு நரம்புச் செல்லின் செய்தியை அடுத்த செல்லுக்குச் சொல்கிறது. இப்படிச் செய்தி சொல்லும் பொருளை ஆங்கிலத்தில் நியூரோடிரான்ஸ்மிட்டர் என்பார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் இங்கே கேள்வி. பயப்பட வேண்டாம், தட்டில் உள்ளது அப்படியே கண்ணுக்குப் போவதில்லை. பெரும்பகுதியைக் குடலே செலவழித்துவிடும்.

1866இல் ஜெர்மன் வேதியியலாளர் ரிட்ஹவுசன் கோதுமைப் பசையத்திலிருந்து ஓர் அமினோ அமிலத்தைப் பிரித்தார். பசையத்துக்கு அங்கே குளூட்டன் என்று பெயர். லத்தீனில் பசை என்று பொருள். அதிலிருந்து வந்தது குளூட்டமிக் அமிலம், அதன் உப்பு வடிவம் குளூட்டமேட். 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் இகெடா கடற்பாசிச் சாற்றின் சுவைக்கு இதுவே காரணம் என்று கண்டார். நரம்பு வேலை தெரியவந்தது அதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து.

அந்த வேலையில் ஒரு விசித்திரம். கண்ணில் வெளிச்சம் பட்டால் சுரப்பு கூடும் என்றுதானே நினைப்போம்? நேர்மாறு. வளவுக்குள் முற்றத்து வெயிலிலிருந்து இருட்டறைக்குள் நுழைந்தால், விழித்திரையில் வெளிச்சத்தை உணரும் கோல், கூம்பு செல்கள் குளூட்டமேட்டை அதிகமாக வெளிவிடும். திரும்ப வெயிலுக்கு வந்தால் குறைத்துக்கொள்ளும். அதை வாங்கும் இருமுனைச் செல்கள் இரண்டு வகை. ஒரு வகையை குளூட்டமேட் தூண்டுகிறது, இன்னொன்றை அடக்குகிறது. அடக்கப்பட்ட வகை, வெளிச்சம் வந்து குளூட்டமேட் குறைந்ததும் விழித்துக்கொள்கிறது.

இதனால்தான் நியூரோடிரான்ஸ்மிட்டரை 'நரம்பூக்கி' என்பது பொருந்தாது. ஒரே பொருள் ஓரிடத்தில் ஊக்குகிறது, ஓரிடத்தில் அடக்குகிறது. 'நரம்புணர்வு கடத்தி' பரவலாக வழங்குகிறது, தவறில்லை. ஆனால் காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துப் பக்கம் போய்க் 'கடத்தி' என்றால் செம்புக் கம்பியைத்தான் நினைப்பார்கள். செம்பில் மின்சாரம் ஓடும். இங்கே மூலக்கூறே இடைவெளியைத் தாண்டிப் போய்ச் செய்தி சொல்கிறது. அதனால் என் வாக்கு 'நரம்புத் தூதுப்பொருள்' என்பதற்கே. அமினோ அமில வகையைக் குறிக்க வேண்டுமானால் 'அமினோ அமிலத் தூதுப்பொருள்'.

விழித்திரையில் இந்த வகையில் இன்னும் இரண்டு முக்கியம்: கிளைசின், காபா. இரண்டும் பெரும்பாலும் அடக்குகிற தூதுகள். கிளைசினை 1820இல் பிரெஞ்சு வேதியியலாளர் பிராகோனோ ஜெலட்டினிலிருந்து எடுத்தார். தித்தித்ததால் கிரேக்கத்தில் இனிப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து பெயர். காபா என்பது காமா அமினோபியூட்டிரிக் அமிலத்தின் சுருக்கம். 'பியூட்டிர்' வெண்ணெயிலிருந்து வந்தது. செல்கள் இதைக் குளூட்டமேட்டிலிருந்தே தயாரிக்கின்றன என்பது கூடுதல் வேடிக்கை.

பசை, இனிப்பு, வெண்ணெய் என்று வேர் தெரிந்துவிட்டதே, 'பசையமிலம்', 'வெண்ணெயமிலம்' என்று ஆக்கலாமே என்பார்கள். வேண்டாம். அந்தப் பெயர்கள் முதலில் எடுத்த இடத்தையும் நாக்கில் பட்ட சுவையையும்தான் சொல்கின்றன, நரம்பில் செய்யும் வேலையை அல்ல. பொருளின் பெயரை அப்படியே எழுதுவோம். வேலையின் பெயரைத் தமிழில் வைப்போம்.