108 ஆம்புலன்ஸ் ஊழியருக்கு எட்டு மணி நேர வேலை சட்டப்படி உண்டா?

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. செலவு அரசுடையது. ஆட்களை வேலைக்கு எடுத்து வண்டிகளை நடத்துவது இ.எம்.ஆர்.ஐ. கிரீன் ஹெல்த் சர்வீசஸ் என்ற அரசு சாரா நிறுவனம். வண்டிக்கு இருவர்: ஓட்டுநருக்கு அங்கே ‘பைலட்’ என்று பெயர், நோயாளியைக் கவனிப்பவர் ‘இ.எம்.டி.’. இருவருக்கும் 12 மணி நேர ஷிப்ட். ‘எட்டு மணி நேரமாகக் குறையுங்கள்’ என்பது அவர்களின் பழைய கோரிக்கை. பஸ் ஓட்டுநருக்குக் கிடைப்பது இவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டால், பதில் சட்டப் புத்தகத்திலேயே இருந்தது.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் என்று பஸ், லாரி ஓட்டுநர்களுக்கு உறுதி சொன்னது இந்தச் சட்டம்தான். அதே சட்டத்தின் 38-ஆம் பிரிவு, நோயாளிகளையும் காயம்பட்டவர்களையும் ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்கு இது பொருந்தாது என்று விலக்கிவிட்டது. உயிர் போகும் நேரத்தில் கடிகாரம் பார்க்க முடியாது என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்திருக்கலாம். அப்படியானால் அவசர கேஸுக்கு மட்டும் விலக்கு தந்திருக்கலாமே? வண்டியையே மொத்தமாக வெளியே தள்ளியிருக்க வேண்டியதில்லை.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் இப்போது இருப்பது தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத்தொகுப்பு, 2020. அதன் 25-ஆம் பிரிவு, எந்த நிறுவனத்திலும் தொழிலாளியை ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்கிறது. கூடுதல் நேரத்துக்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும்; கூலியும் இரு மடங்கு. வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் வேலை கிடையாது. பெண் இ.எம்.டி.க்களை இரவு 7 மணிக்குப் பிறகும் காலை 6 மணிக்கு முன்பும் பணியில் வைக்க அவர்களின் சம்மதம் தேவை. ஒரு எச்சரிக்கை: சில நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அரசுகள் இந்தத் தொகுப்பிலும் வைத்திருக்கின்றன. ஆகவே அறிவிப்பாணைகளைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அடுத்து, எது வேலை நேரம் என்ற வழக்கு வரும். ஓட்டுநர்களுக்கு வண்டி ஓடும் நேரமும் அதைச் சார்ந்த வேலைகளும் கணக்கில் சேரும். நிறுத்தத்தில் வெறுமனே காத்திருப்பது 15 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால்தான் சேரும். ஆனால் 108 வண்டி நிற்கும்போது வேலை நிற்பதில்லை. விபத்து கேஸை இறக்கிய பிறகு தரையில் உறைந்த ரத்தத்தைக் கழுவ வேண்டும், ஆக்சிஜன் சிலிண்டரின் அளவு பார்க்க வேண்டும், நோயாளி விவரப் படிவத்தை நிரப்ப வேண்டும். அவசரப் பிரிவில் வேறு ஸ்ட்ரெச்சர் காலியாகும்வரை தங்கள் ஸ்ட்ரெச்சருக்காக வாசலிலேயே நிற்பதும் உண்டு. இவற்றையெல்லாம் ‘காத்திருப்பு’ என்று எழுதிவிட்டால் கணக்கு சுருங்கிவிடும். ஷிப்ட் முடிய பத்து நிமிடம் இருக்கும்போது அழைப்பு வந்து, திரும்ப இரண்டு மணி நேரம் ஆனால், அந்த நேரத்தைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

காயத்துக்கு வருவோம். இங்கேதான் ஊழியர்கள் அறியாமல் அதிகம் இழக்கிறார்கள். மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டு வரம்புக்குள் வருகிறார்கள், ஊழியர் பங்கு 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். பணியில் அடிபட்டுப் படுத்தால், அது பணிக்காயம் என்று பதிவானால், ஊதியத்தில் 90 சதவீதம், வேலைக்குத் திரும்பும்வரை. சாதாரண நோய் என்று பதிவானால் 70 சதவீதம், அதுவும் ஆண்டுக்கு 91 நாள்தான். ஸ்ட்ரெச்சர் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது என்று சொல்லாமல் ‘முதுகுவலி’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் எவ்வளவு போகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். வீட்டிலிருந்து பணியிடத்துக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்தும், பணியோடு தொடர்பு இருந்தால், பணிக்காயத்தில் சேரும்.

ஓடும் வண்டியில் ஊசி போடும்போது கையில் குத்திக்கொள்வதும் அப்படித்தான். மருத்துவப் பணியில் தொற்றும் நோய்களைச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் மூன்றாவது அட்டவணை தொழில்சார் நோய்களில் முதலாவதாக வைத்திருக்கிறது. குறைந்தபட்சப் பணிக்காலம் எதுவும் தேவையில்லை. முதலில் செய்ய வேண்டியது சிகிச்சை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 28 நாள் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் உள்ள ஏ.ஆர்.டி. எனும் எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களில் விசாரியுங்கள். அதே நாளில் நிறுவனத்துக்கு எழுத்துமூலமாகத் தெரிவித்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஊசி குத்தியதை மறைக்கும் ஊழியர்கள் நிறையப் பேர்.

தாக்குதலுக்கு எதிரான சட்டம் பலமானது. தமிழ்நாட்டின் 48/2008 சட்டப்படி மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் 3 முதல் 10 ஆண்டு வரை சிறை. மருத்துவமனைச் சுவர்களில் இந்த எண்ணைப் பார்த்திருப்பீர்கள். புகார் எழுதும்போது இந்தச் சட்டத்தின் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவர்களுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 194E பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

கூடுதல் நேரக் கூலிக்கும் விடுப்புக்கும் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். நியமனக் கடிதத்தின் நகல், சம்பளச் சீட்டு, நாள்வாரியாக வண்டி எடுத்த நேரமும் விட்ட நேரமும் எழுதிய குறிப்பு ஆகியவற்றை இணைக்க வேண்டும். நியமனக் கடிதம் இல்லாதவர்கள் முதலில் அதைக் கேட்டு எழுதட்டும். எல்லாத் தொழிலாளிக்கும் அதைத் தர வேண்டும் என்று புதிய தொகுப்பே கட்டாயமாக்கியிருக்கிறது.