சொல் விளக்கம்: பொறுப்புக்கூறல்

ஒரு நிறுவனம் தனக்கு நேரக்கூடிய இடர்களை (ரிஸ்க்) எழுதிவைக்கும் இடர்ப் பதிவேட்டைப் புரட்டுங்கள். 'தரவுக் கசிவு' என்று ஒரு வரி இருக்கும். அதற்கு நேரே 'பொறுப்பு: தகவல் தொழில்நுட்பத் துறை' என்று எழுதியிருக்கும். நாளைக்கே கசிவு நடந்தால், இயக்குநர் குழுவின் முன் எழுந்து நின்று 'இது ஏன் நடந்தது' என்று சொல்லப்போவது யார்? துறை எழுந்து நிற்காது. ஆள்தான் நிற்க வேண்டும். ஆங்கிலத்தில் ரெஸ்பான்சிபிலிட்டி, அக்கவுண்டபிலிட்டி என்று இரண்டு சொற்கள் உண்டு. தமிழில் இரண்டையும் 'பொறுப்பு' என்றே எழுதிவிடுகிறோம். குழப்பத்தில் பாதி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

'பொறு' என்ற வினையிலிருந்து வந்தது பொறுப்பு. பொறுத்தல் என்றால் தாங்குதல், சுமத்தல். பாரத்தையும் பொறுமையையும் குறிக்கும் 'பொறை'யும் இதே வேர்தான். 'அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல' என்று தொடங்கும் திருக்குறள் அதிகாரத்தின் பெயரும் பொறையுடைமைதான். ஆக, பொறுப்பு என்பது தோளில் ஏற்றிக்கொண்ட வேலை. அதைத் தோள் மாற்றலாம், நான்கு பேர் பிரித்தும் சுமக்கலாம்.

அக்கவுண்டபிலிட்டி வேறு இடத்திலிருந்து வருகிறது. கணக்கிடுதலைக் குறிக்கும் இலத்தீன் வினை 'கம்ப்யூட்டாரே', பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'அக்கவுண்ட்' ஆனது. கேட்பவரிடம் கணக்கு ஒப்புவிக்கக் கடமைப்பட்ட நிலை என்பதே அதன் அடிப்பொருள். இந்தக் கருத்து தமிழுக்குப் புதிதல்ல. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, ஊர்ச் சபையின் வாரியங்களில் (குழுக்களில்) இருந்துவிட்டுக் 'கணக்குக் காட்டாதே' இருந்தவர்களின் பெயரை, உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலையில் எழுதக் கூடாது என்கிறது. அவர்களுடைய உறவினர்களுக்கும் அதே தடை. வேலையை ஒழுங்காகச் செய்தாரா என்பதோடு அந்த விதி நிற்கவில்லை. செய்ததைச் சபைக்குக் காட்டினாரா என்றும் கேட்கிறது. காட்டாவிட்டால் என்ன ஆகும் என்றும் சொல்லிவிடுகிறது.

இப்போது அக்கவுண்டபிலிட்டிக்கான தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'பொறுப்புடைமை' என்று எழுதுவோர் பலர். நல்ல சொல்தான், ஆனால் அது ஒருவரின் குணத்தைச் சொல்கிறது. அறையில் தனியாக இருப்பவருக்கும் அது இருக்கலாம். 'பொறுப்பேற்பு' சுமையைத் தோளில் வாங்கும் கணத்தோடு நின்றுவிடுகிறது. இலங்கைத் தமிழ் இதழ்கள், குறிப்பாக மனித உரிமைச் செய்திகளில், 'பொறுப்புக்கூறல்' என்று எழுதுகின்றன. எனக்கு அதுதான் சரியான சொல்லாகப் படுகிறது. கூறல் என்றதும் கேட்க ஒருவர் இருந்தாக வேண்டும். ஒருவர் கேட்க, இன்னொருவர் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற உறவு சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. 'ஆடிட்' என்ற ஆங்கிலச் சொல்லும் கேட்டலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்ததுதான். ஒரு காலத்தில் கணக்கை வாய்விட்டு வாசிக்க, தணிக்கை செய்பவர் காதால் கேட்டுச் சரிபார்த்தார். (எழுதும்போது நடுவில் 'க்' கட்டாயம் வேண்டும். 'பொறுப்பு கூறல்' பிழை.)

இந்தச் சொல்லுக்கு ஒரு குறை உண்டு. தவறுக்கு வருத்தம் தெரிவித்து ஓர் அறிக்கை விட்டாலே போதும் என்ற எண்ணத்தைக் 'கூறல்' தந்துவிடலாம். கேட்பவருக்குக் குறுக்குக் கேள்வி கேட்கவும், பதில் போதாவிட்டால் நடவடிக்கை எடுக்கவும் அதிகாரம் இருந்தால்தான் அது பொறுப்புக்கூறல். இல்லையென்றால் வெறும் விளக்கம்.

நிர்வாகத்தில் வேலைப் பங்கீட்டுக்குப் பயன்படும் 'ரேசி' அட்டவணை இந்த வேறுபாட்டை நன்றாகக் காட்டுகிறது. ஒரு வேலையைச் செய்யும் பொறுப்பைப் பல பேருக்குக் கொடுக்கலாம், பொறுப்புக்கூறுபவர் ஒருவர்தான். தினமும் இரவில் தரவு நகல் எடுப்பது மூன்று ஊழியர்களின் பொறுப்பு. அந்த நகல் தேவைப்பட்ட நாளில் திறக்காமல் போனால் பொறுப்புக்கூற வேண்டியவர் அவர்களுடைய தலைவர். வேலையை ஒப்படைத்தது உண்மைதான் என்றாலும், பதில் சொல்லும் கடமையை அவர் யாரிடமும் ஒப்படைக்கவில்லை.

கூடவே 'இடர்' பற்றியும் ஒரு வார்த்தை. ரிஸ்க் என்பதை 'ஆபத்து' என்று எழுத வேண்டாம். இடர் மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 31000 என்ற சர்வதேசத் தரநிலை, குறிக்கோள்கள் மீது நிச்சயமின்மை ஏற்படுத்தும் விளைவையே ரிஸ்க் என்று அழைக்கிறது. பழந்தமிழில் இடர் என்றால் துன்பம். வரக்கூடியதைக் குறிக்கும் கலைச்சொல்லாக இன்று அது நிலைத்துவிட்டது.

பதிவேட்டின் அந்த வரியில் 'பொறுப்பு' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'பொறுப்புக்கூறுபவர்' என்று இன்னொரு கட்டம் போடுங்கள். அதில் துறையின் பெயர் வேண்டாம். ஒரே ஒரு ஆளின் பெயரை எழுதுங்கள். அவர் யாரிடம் பொறுப்புக்கூற வேண்டும் என்பதையும் அதன் கீழேயே எழுதிவிடுங்கள்.