சீவர், டிரெயினேஜ், வடிகால்: எந்தத் தண்ணீருக்கு எந்தச் சொல்?

"டிரெயினேஜ் அடைச்சிருச்சு" என்று நகராட்சிக்கு ஒருவர் போன் செய்தால், எதிர்முனையில் இருப்பவர் முதலில் கேட்க வேண்டியது எந்த டிரெயினேஜ் என்பதைத்தான். பாதாள சாக்கடையும் டிரெயினேஜ், தெரு ஓரத்து மழைநீர்க் கால்வாயும் டிரெயினேஜ், வாசலில் இருக்கும் மேன்ஹோலும் சிலருக்கு டிரெயினேஜ்தான். இரண்டு வேறு தண்ணீருக்கு ஒரே பெயர் வைத்துவிட்டோம். குழாய் போடும்போதும் அதே குழப்பம்.

ஆங்கிலத்தில் பாதாள சாக்கடைக்குச் சொல்லும் 'சீவர்' (sewer) பிறக்கும்போது நாற்றமில்லாத சொல். லத்தீனில் 'எக்ஸ்' என்றால் வெளியே, 'அக்வா' என்றால் நீர். அதிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. குளத்தில் மிஞ்சிய நீரை வெளியே விடும் மதகு போன்ற ஒன்றுக்குத்தான் முதலில் இந்தப் பெயர். 1531இல் எட்டாம் ஹென்றி காலத்தில் இங்கிலாந்தில் 'சீவர்' பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது, அது பேசியதெல்லாம் கரைகள், சதுப்பு நிலம், வெள்ளநீர் வடிப்பு பற்றி. லண்டனில் வீட்டு மலக்கழிவைச் சீவரில் விடுவதற்கு 1815 வரை தடையே இருந்தது. கழிவு வீட்டடிக் குழியில் தேங்கும், இரவில் ஆள் வந்து அள்ளிப் போவார்கள். தடை நீங்கி எல்லாரும் இணைப்பு கொடுக்க, எல்லாம் தேம்ஸில் போய் விழ, 1858 கோடையில் நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றமே திணறியது. அப்படி மழைநீரின் சொல் மலநீரின் சொல்லாக மாறிப் போனது. அதனால்தான் இன்றைக்கும் ஆங்கிலத்தில் அதோடு 'சானிட்டரி' (கழிவுநீருக்கு) அல்லது 'ஸ்டார்ம்' (மழைநீருக்கு) என்று ஓர் அடைமொழி ஒட்டினால்தான் எது என்று பிரியும்.

தமிழிலும் பழைய சொல் உண்டு: சுருங்கை. நிலத்தடியில் கட்டிய நீர்வழி. பரிபாடலின் 20ஆம் பாட்டில், கூடல் நகரின் மதிலில் சுருங்கை வழியே நீர் பாய்வது, யானை தலையை அண்ணாந்து துதிக்கையால் நீரை விடுவதுபோல் இருக்கிறது என்று வருகிறது. அது பெருக்கெடுத்த புனல். மணிமேகலையில் வஞ்சி நகரின் 'சுருங்கைத் தூம்பு' வழியாக வருவதோ, பெண்கள் கூந்தல் கழுவிய கலவை நீர். ஆக சுருங்கையும் இரண்டையும் சுமந்த சொல்தான். சமஸ்கிருதத்தில் 'சுருங்கா' என்று இருக்கிறது, அதற்கும் மூலம் கிரேக்கத்தின் 'சிரிங்க்ஸ்' என்று அறிஞர் சிலர் சொல்வார்கள். அழகான சொல், ஆனால் இன்று நகராட்சிப் பலகையில் எழுதினால் யாருக்கும் விளங்காது. விட்டுவிடலாம்.

புழக்கத்தில் இருப்பது வடிகால். 'கால்' என்றால் நீரோடும் வழி. வாய்க்கால், கால்வாய் எல்லாம் அந்தக் குடும்பம். டெல்டா விவசாயிக்கு இது அன்றாடச் சொல்: வயலுக்குள் நீரைக் கொண்டு வருவது பாசன வாய்க்கால், மிஞ்சியதை வெளியேற்றுவது வடிகால். இலங்கையில் 'வடிகான்' என்றும் எழுதுவார்கள். மழைநீருக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்றும் கிடைக்காது. மலநீர் போகும் குழாயை வடிகால் என்று சொல்லத் தேவையில்லை, அதற்குக் கழிவுநீர்க் குழாய் என்ற நேரான பெயர் இருக்கிறது. மொத்த ஏற்பாட்டுக்குச் சென்னைக் குடிநீர் வாரியத்தின் முழுப் பெயரிலேயே உள்ள 'கழிவுநீரகற்று' நல்ல ஆக்கம். பேச்சில் பாதாள சாக்கடை இருந்துவிட்டுப் போகட்டும்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், இரண்டின் வேலையும் வேறு. கழிவுநீர்க் குழாயில் அன்றாடம் ஏறக்குறைய ஒரே அளவு ஓடும், குழாய் சிறியது, கசடு அடியில் தங்காதபடி சரிவு கொடுத்திருப்பார்கள், கடைசியில் சுத்திகரிப்பு நிலையம். மழைநீர் வடிகால் வருடத்தில் பல மாதம் காய்ந்து கிடந்து, கொட்டும் ஒரு நாளுக்காக அகலமாகக் கட்டப்படுவது, போய்ச் சேருவது நேரே ஏரிக்கோ ஆற்றுக்கோ, நடுவில் சுத்திகரிப்பு கிடையாது. மொட்டை மாடிக் குழாயைப் பாதாள சாக்கடையில் செருகினால் மழையன்று மேன்ஹோல் பொங்கும். கழிவறைக் குழாயை வடிகாலில் செருகினால் ஏரி நாறும். அமெரிக்கச் சிற்றூர்களில் இந்தத் திருட்டு இணைப்பைக் கண்டுபிடிக்க, கழிவுநீர்க் குழாய்க்குள் புகையை ஊதிப் பார்க்கிறார்கள். யார் வீட்டுக் கூரைத் தூம்பில் புகை வருகிறதோ அங்கே தப்பு நடந்திருக்கிறது.

நம் சிறு நகராட்சிகள், பேரூராட்சிகள் பலவற்றில் பாதாள சாக்கடையே கிடையாது. கழிவறைக்கு செப்டிக் டேங்க், குளியலறை, சமையலறைத் தண்ணீர் தெருக் கால்வாய்க்கு. டேங்கிலிருந்து வழியும் நீர் உறிஞ்சுகுழிக்குப் போக வேண்டும், பல வீடுகளில் அதுவும் தெருவுக்கே வருகிறது. மழைநீர் வடிகால் என்று பலகை வைத்த இடத்தில் பங்குனி வெயிலிலும் தண்ணீர் ஓடுவது இதனால்தான்.

டேங்கில் சேருவதற்குப் பெயர் கசடு கழிவு. இதைக் கையாள 2014இல் தமிழக அரசு வழிகாட்டு நெறிமுறை கொண்டுவந்தது. மதுராந்தகம் பக்கத்தில் கருங்குழி பேரூராட்சியில் இதற்கென்றே ஒரு சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. லாரிகள் கொண்டுவந்து கொட்டுவதை வடிகட்டிப் படுகையில் பரப்பி வெயிலில் காயவைக்கிறார்கள், பிரிந்த நீருக்குத் தனிச் சுத்திகரிப்பு. சிறிய ஊருக்குக் கோடிக்கணக்கில் குழாய் புதைப்பதைவிட இது கட்டுப்படியாகும் என்பது என் கட்சி.

அப்புறம் அந்த மேன்ஹோல். இதை 'ஆள் நுழைவுக் குழி' என்று அச்சுப்பிசகாமல் மொழிபெயர்த்து வைத்திருந்தோம். தகுந்த பாதுகாப்பில்லாமல் ஆளை அதற்குள் இறக்குவதை 2013 சட்டம் தடை செய்கிறது, ஆனாலும் சாவுகள் நிற்கவில்லை. 2023 மத்திய பட்ஜெட்டில் இதை 'மெஷின் ஹோல்' ஆக்குவோம் என்றார்கள். சென்னைக் குடிநீர் வாரியத்தின் அறிக்கைகளில் இப்போது 'இயந்திர நுழைவாயில்' என்று எழுதுகிறார்கள். அடுத்த முறை புகார் எழுதும்போது அந்தச் சொல்லையே போடுங்கள்.