எக்கோமார்ஃப்: தமிழில் இடவுரு

அனோல் என்பது கரீபியன் தீவுகளிலும் அமெரிக்கக் கண்டங்களிலும் வாழும் பலவகைச் சிறிய பல்லிகளின் பொதுப்பெயர். கரீப் மக்களின் 'அனோலி' பிரெஞ்சு வழியாக இப்படி ஆனது. சில வகைகள் பச்சையிலிருந்து பழுப்புக்கு மாறுவதைப் பார்த்துப் பலர் 'பச்சோந்தி' என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. தலையாட்டுவதிலும் தொண்டைச் சவ்வை விசிறிபோல் விரிப்பதிலும் நம் விசிறித்தொண்டை ஓணானை நினைவூட்டும். ஆனால் விரலடியில் வீட்டுப்பல்லிக்கு இருப்பதுபோல ஒட்டும் பட்டைகள் உண்டு. அதனால் ஓணான் என்றும் சொல்ல முடியாது. அனோல் என்றே இருக்கட்டும். தமிழாக்க வேண்டிய சொல் வேறு: இந்தப் பல்லிகளை வைத்துப் பிறந்த 'எக்கோமார்ஃப்'.

ஒரே மரத்தை இந்தப் பல்லிகள் பங்குபோட்டுக் கொள்கின்றன. அடிமரத்தில், தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரத்தில் ஒன்று தலைகீழாக ஒட்டிக்கொண்டு தரையையே பார்த்திருக்கும். எறும்போ வண்டோ ஊர்ந்தால் ஒரே தாவு. கவ்வியதும் மறுபடி மரம். அதற்குப் பின்னங்கால் நீளம். மேலே சுள்ளிகளில் இருப்பதற்கோ குட்டைக்கால், ஒல்லி உடம்பு, பட்டையின் நிறம். மெதுவாகத்தான் நகரும். நாம் நெருங்கினால் ஓடாது, சத்தமில்லாமல் சுள்ளியின் மறுபக்கம் போய்விடும். நீண்ட கால் அகன்ற தண்டில் வேகம் தரும். மெல்லிய குச்சியில் அதே கால் தடுமாறும்.

இப்படி ஆறு வகை: அடிமரம், நடுமரம், மர உச்சியில் பெரியது, உச்சிக்குச் சற்றுக் கீழே சிறியது, சுள்ளி, புல்-புதர். கியூபாவிலும், ஹெய்ட்டியும் டொமினிக்கன் குடியரசும் இருக்கும் ஹிஸ்பானியோலா தீவிலும் ஆறும் உண்டு. போர்ட்டோ ரிக்கோவில் நடுமர வகை இல்லை; ஜமைக்காவில் அதுவும் புல்-புதர் வகையும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், ஒரு தீவின் சுள்ளி அனோலும் அடுத்த தீவின் சுள்ளி அனோலும் அச்சில் வார்த்ததுபோல் இருந்தாலும் நெருங்கிய சொந்தம் இல்லை. பெரும்பாலும் அந்தந்தத் தீவிலேயே தனித்தனியாக உருவானவை என்று 1998இல் உயிரியலாளர் ஜொனாதன் லோசாஸ் குழுவினர் மரபணு கொண்டு காட்டினார்கள்.

நெருங்கிய சொந்தம் இல்லாமலே ஒரே இடத்துக்கு ஒரே உடல் எடுத்த இந்தக் கூட்டத்துக்கு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் எர்னஸ்ட் வில்லியம்ஸ் 1972இல் வைத்த பெயர்தான் எக்கோமார்ஃப். கிரேக்கத்தில் 'ஓய்கோஸ்' வீடு, 'மார்ஃபே' உருவம். இதை எக்கோடைப்போடு குழப்பக் கூடாது. அங்கே இனம் ஒன்று, இடத்துக்கு இடம் தன்மை வேறு. இங்கே இனங்கள் வேறு, உருவம் ஒன்று.

சரி, தமிழில்? 'சூழலியல் உருவமைப்பு' என்றால் ஏதோ பாடத் தலைப்புபோல ஒலிக்கிறது. 'திணையுரு' எனக்குப் பிடித்திருந்தது. இடத்தையும் அதில் வாழும் முறையையும் சேர்த்துச் சொல்ல அதைவிடப் பழைய சொல் நம்மிடம் ஏது? ஆனால் குறிஞ்சி, முல்லை எல்லாம் ஒரு நிலம் முழுவதற்கும் பெயர். இங்கே ஒரு மரத்துக்கும் அதையொட்டிய புதருக்குமே ஆறு பங்கு. போதாததற்கு அஃறிணை வேறு நினைவுக்கு வந்து தொல்லை தரும். எனவே 'இடவுரு'. வீடு என்ற பழைய பொருளுக்கும் அது பக்கத்தில் நிற்கிறது, அடைமொழியும் எளிதாக ஏற்கிறது: அடிமர இடவுரு, சுள்ளி இடவுரு. பன்மையில் இடவுருக்கள்.