வேதக்காரர்னா யாருங்க?

பெருந்துறை, காங்கயம் பக்கம் வயசானவங்ககிட்ட பேசிப் பாருங்க, கிறிஸ்டியன்னு அவ்வளவு சீக்கிரம் வாயில வராது, "அவிய வேதக்காரருங்கொ"ம்பாங்க. சர்ச் வேதக்கோயில், மதம் மாறுனா "வேதத்துல சேந்துட்டாங்க". பொஸ்தகத்துல எப்படிங்க சேர்றது? அப்போ இங்க வேதம்னா படிக்கிற நூல் மட்டும் இல்ல, ஒரு கூட்டம் நடக்கிற வழியும் அதுதான்.

வேதம் வடமொழிச் சொல், 'வித்' அதாவது அறியறதுங்கற வேர்ல இருந்து வந்தது. இதைக் கிறிஸ்தவத்துக்குப் புழங்குனதுல சேசு சபைங்கற கத்தோலிக்கத் துறவி சபைக்காரங்களுக்குப் பெரிய பங்கு, அவங்கள்ல ஒருத்தரா 1606ல மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி பொறவு 1623 வாக்குல சேந்தமங்கலம், சேலம் வரைக்குமே வந்திருக்காரு. அடுத்த நூற்றாண்டுல வீரமாமுனிவர் எழுதுன 'வேதியர் ஒழுக்கம்' தலைப்பைப் பாத்து ஐயருங்களுக்கு எழுதுனதுன்னு நெனைச்சிராதீங்க, அங்க வேதியர்னா உபதேசியார், சபையில வேதம் சொல்லிக் கொடுக்கறவரு.

புராட்டஸ்டண்ட் பக்கம் வேதத்தோட ஆகமத்தையும் சேத்து வேதாகமம்னு ஆக்கிட்டாங்க. பைபிள், கிரேக்க 'பிப்லியா', நூல்கள்னு பன்மை. அதையே தமிழ் வாய்க்குத் தக்கன வளைச்சதுதான் விவிலியம், 1995ல வந்த பொது மொழிபெயர்ப்புக்கு திருவிவிலியம்னே பேரு.

சரி, வேதத்துக்குத் தனித்தமிழ் என்னன்னா எல்லாரும் டக்குன்னு மறைம்பாங்க, குறள்லயே 'மறைமொழி' இருக்கு. கத்தோலிக்கருங்க இதை நல்லாவே புழங்கறாங்க, மறைமாவட்டம், மறையுரை, மறைக்கல்வின்னு, சிஎஸ்ஐ-ல, அதாவது புராட்டஸ்டண்ட் பக்கத்துத் தென்னிந்தியத் திருச்சபைல போனா அதே திருமண்டலம், பிரசங்கம், வேதபாடம்னு இருக்கும். நூலுக்கு மறை சரி, எனக்கு மறுப்பில்ல. ஆனா வேதக்காரருக்கு மறைக்காரர்னு சொன்னா ஏதோ ஒளிச்சு வெச்சவங்க மாதிரி கேக்குது.

நான் சொல்றது நெறி. பைபிள்ல அப்போஸ்தலர் 9:2ல, இன்னும் மனசு மாறாத பவுல் புடிச்சுக் கட்டத் தேடிப் போறது யாரைன்னு பாருங்க, பழைய மொழிபெயர்ப்புல 'இந்த மார்க்கத்தார்', திருவிவிலியத்துல நெறியைச் சார்ந்தவங்க. கிறிஸ்தவங்கற பேரே அந்தியோக்கியாவுல பொறவுதான் வருது, 11:26ல. ஆக வேதக்காரர்னா நெறியார், நம்மூரு கெழவிங்க தெரிஞ்சோ தெரியாமலோ அந்தப் பழைய அர்த்தத்தைத்தான் சொல்லிட்டு இருந்திருக்காங்க.

எங்க அமுச்சி பைபிள்ல மொதப் பக்கத்துல வசனம் இருக்காது, பேரப்புள்ளைங்க பொறந்த தேதி, ஞானஸ்நானம் கொடுத்த தேதி, நடுவுல மடிச்சு வெச்ச சபை சந்தா ரசீது, இதுதான். அவங்களுக்கு வேதமும் சபையும் ரெண்டா தெரிஞ்சதே இல்ல. இப்போ சிலபேரு எனக்கு வசனம் போதும், போன்லயே படிச்சுக்கறேன், சபையெல்லாம் வேண்டாம்ங்கறாங்க, சபைல நடக்கற சந்தா, ஓட்டு, எலக்சன் சண்டையப் பாத்தா அவங்களத் தப்பு சொல்லவும் முடியல. ஆனா பவுல் நிருபங்கள்ல, அதாவது அவரு எழுதுன கடிதங்கள்ல, சிலது சண்டை போட்டுக்கிட்ட சபைகளுக்கு எழுதுனது, கொரிந்துல ஒருத்தர் மேல ஒருத்தர் கேஸே போட்டிருக்காங்க. அதைத் தனியா உக்காந்து படிச்சு 'எனக்கான வசனம்'னு எடுத்துக்கறது எனக்கு ஒப்பல. அப்படிப் படிக்கறவர வாசகர்னு சொல்லலாம், வேதக்காரர்னு எங்கூர்ல சொல்ல மாட்டாங்க.