ரிமோட் அனுப்புவது ஓர் எண்ணைத்தான்

ஹோம் தியேட்டர் ரிசீவரோடு, அதாவது டிவி போன்றவற்றின் சத்தத்தை வாங்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டியோடு, வரும் ரிமோட்டில் பட்டன்களுக்குக் குறைவே இருக்காது. வால்யூம், இன்புட், சரவுண்ட் மோட், சப்வூஃபர் அளவு, பக்கத்து அறை ஸ்பீக்கருக்குப் பாட்டு அனுப்பத் தனிப் பட்டன் என்று உள்ளங்கை முழுக்க எழுத்துதான். பார்த்தால் ஏகப்பட்ட வேலை செய்கிற கருவி போலத் தெரியும். ஆனால் அதற்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று: எந்தப் பட்டன் அழுந்தியது என்று பார்த்து, அதற்குரிய எண்ணைக் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சமாக்கி முன்னால் வீசுவது. கஷ்டமான வேலையெல்லாம் எதிர்ப்பக்கம், ரிசீவருக்குத்தான். அறையில் இருக்கும் அத்தனை வெளிச்சத்துக்கும் நடுவில் அந்த ஓர் எண்ணை அது பிரித்தெடுக்க வேண்டும்.

இது எவ்வளவு பெரிய தொல்லை என்பது 1955-லேயே தெரிந்துவிட்டது. அமெரிக்காவின் ஜெனித் நிறுவனத்தில் யூஜின் பாலி என்ற பொறியாளர் ஃப்ளாஷ்மேட்டிக் என்ற ரிமோட்டைச் செய்தார். டிவியின் நான்கு மூலைகளிலும் ஒளி உணரும் செல்கள். டார்ச் போன்ற கருவியால் ஒரு மூலையில் வெளிச்சம் அடித்தால் சேனல் மாறும், இன்னொரு மூலையில் அடித்தால் சத்தம் நிற்கும். வெயில் அந்த மூலைகளில் பட்டாலும் அதேதான் நடந்தது. எது ரிமோட், எது சூரியன் என்று அந்த டிவிக்குச் சொல்லத் தெரியவில்லை.

இன்றைய ரிமோட்டும் வெளிச்சத்தைத்தான் நம்பியிருக்கிறது. அதன் முனையில் உள்ள எல்.இ.டி. வெளிவிடுவது பெரும்பாலும் 940 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி. இந்த அலைநீளத்தில் ஒரு வசதி உண்டு. காற்றில் இருக்கும் நீராவி சூரிய ஒளியின் இந்தப் பகுதியைக் கொஞ்சம் உறிஞ்சிவிடுகிறது, அதனால் வெயிலின் தொந்தரவு சற்றே குறைவு. ஆனாலும் இது மட்டும் போதாது. ஜன்னல் வெளிச்சத்திலும் குண்டு பல்பிலும் அகச்சிவப்பு தாராளமாகவே இருக்கிறது.

தீர்வு, ஒளியைத் துடிக்க விடுவதில் இருக்கிறது. ரிமோட் எல்.இ.டி. சும்மா எரிந்து அணைவதில்லை. எரிவது போலத் தெரியும் ஒவ்வொரு துணுக்குக்குள்ளும் அது நொடிக்கு 38,000 முறை என்ற வேகத்தில் மினுக்குகிறது. வெயில் அப்படி மினுக்காது. நம் ஊர் மின்சாரத்தில் எரியும் குண்டு பல்பு நொடிக்கு 100 முறைதான் லேசாக ஏறி இறங்கும். ரிசீவரின் முன்பக்கக் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் மூன்று கால் உணரி, 38 கிலோஹெர்ட்ஸில் துடிப்பதை மட்டும் வடிகட்டி எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது. பேருந்து நிலையத்தின் அத்தனை இரைச்சலிலும் கண்டக்டரின் விசில் மட்டும் டிரைவருக்குத் தனியாகக் கேட்கிறதே, அதே மாதிரி. எல்லா நிறுவனமும் 38-ஐயே எடுத்துக்கொள்ளவில்லை. சோனி 40 கிலோஹெர்ட்ஸ், பிலிப்ஸ் உருவாக்கிய ஆர்சி-5 முறை 36.

சரி, எண் எப்படிப் போகிறது? நிஜ உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். யமஹாவின் பல ரிசீவர்கள், என்.இ.சி. நிறுவனத்தின் பெயரால் அறியப்படும் முறையைப் பயன்படுத்துகின்றன. அவற்றில் ரிசீவரின் முகவரி, அதாவது செய்தி யாருக்கு என்று சொல்லும் எண், 122. வால்யூமைக் கூட்ட 26, குறைக்க 27, மியூட்டுக்கு 28. நீங்கள் வால்யூம் கூட்டும் பட்டனை அழுத்தினால் ரிமோட் முதலில் 9 மில்லி வினாடிக்கு நீளமாக ஒரு துடிப்பை அனுப்பும். ‘கவனி’ என்று அர்த்தம். அப்புறம் 4.5 மில்லி வினாடி மௌனம். பிறகு நான்கு எண்கள்: 122, 133, 26, 229. ஒவ்வொன்றும் எட்டு இலக்கமுள்ள பூஜ்யம்-ஒன்று வரிசையாகப் போகும்.

122-உம் 26-உம் புரிகிறது. நடுவில் 133-உம் கடைசியில் 229-உம் எதற்கு? 122-ஐயும் 133-ஐயும் கூட்டிப் பாருங்கள், 255. 26-உம் 229-உம் கூட்டினாலும் 255. ஒவ்வொரு எண்ணையும் அனுப்பிவிட்டு, அதன் பூஜ்யங்களை ஒன்றாகவும் ஒன்றுகளைப் பூஜ்யமாகவும் புரட்டி மறுபடி அனுப்புகிறது ரிமோட். இரண்டும் பொருந்தாவிட்டால் வழியில் ஏதோ கெட்டுவிட்டது என்று ரிசீவர் அந்தச் செய்தியைத் தூக்கிப் போட்டுவிடும். தவறாக எதையாவது செய்வதைவிடச் செய்யாமல் இருப்பது மேல். எனக்கு இந்த ஏற்பாட்டில் ரொம்பப் பிடித்தது இன்னொன்று: புரட்டி அனுப்புவதால் எந்தப் பட்டனாக இருந்தாலும் 16 பூஜ்யம், 16 ஒன்று என்றே வரும். பூஜ்யத்துக்கு 1.125 மில்லி வினாடி, ஒன்றுக்கு 2.25. ஆக, தொடக்கத் துடிப்பையும் மௌனத்தையும் சேர்த்து எல்லாச் செய்தியும் ஒரே நீளம், 67.5 மில்லி வினாடி.

பட்டனை விடாமல் பிடித்திருந்தால் எண் திரும்பத் திரும்பப் போவதில்லை. ஏறத்தாழ 108 மில்லி வினாடிக்கு ஒரு முறை ‘இன்னும் அழுத்தியிருக்கிறார்கள்’ என்ற சின்னக் குறி மட்டும் போகும். முதல் செய்தி தவறிப்போயிருந்தால் அந்தக் குறிக்கு அர்த்தமே கிடையாது. வால்யூம் ஏறவில்லை என்று பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பதால் பலன் இல்லாமல் போவது இதனால்தான். விட்டுவிட்டு மறுபடி அழுத்துங்கள்.

செய்தி போய்ச் சேர்ந்ததா என்பது ரிமோட்டுக்குத் தெரியாது. அதற்குப் பேச மட்டும்தான் தெரியும், கேட்கத் தெரியாது. ஒரே பட்டனால் டிவியையும் ரிசீவரையும் சேர்த்து இயக்கும்போது வரும் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. பவர் பட்டனின் எண் பல கருவிகளில் ‘ஆன் ஆகு’ என்று சொல்வதில்லை, ‘இருக்கும் நிலையை மாற்று’ என்றே சொல்கிறது. டிவி கேட்டு, ரிசீவர் கேட்காமல் விட்டால், அடுத்த முறை அழுத்தும்போது ஒன்று எரியும், இன்னொன்று அணையும்.

டிவி ரிமோட்டாலேயே ரிசீவரின் சத்தத்தைக் கூட்டும்போது நடப்பது வேறு. அங்கே அகச்சிவப்பு டிவி வரைக்கும்தான். அதன் பிறகு செய்தி எச்டிஎம்ஐ கேபிளின் 13-வது பின் வழியாகப் போகிறது. கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் இந்த வழிக்கு சிஇசி என்று பெயர். சாம்சங் இதை அனிநெட் பிளஸ் என்றும் எல்ஜி சிம்ப்லிங்க் என்றும் அழைக்கின்றன. அந்தக் கம்பியில் டிவியின் முகவரி 0, ஆடியோ கருவிக்கு 5. செய்தியின் ஒவ்வொரு பைட்டுக்கும் (எட்டு இலக்கத் துண்டு) ‘வந்தது’ என்று பதிலும் வரும். ரிமோட்டுக்கு வாய்க்காத வசதி அது.

வால்யூம் திரையில் ஏன் −35, −30 என்று கழித்தல் எண் வருகிறது என்று பலர் கேட்பார்கள். அது டெசிபெல். ஸ்பீக்கர்களைச் சரியாக அளவீடு செய்த அமைப்பில் 0 என்பது சினிமா ஒலிக் கலவைக்கூடத்தில் வைத்துக் கேட்கும் குறிப்பு அளவு. வீட்டுக்கு அது மிக அதிகம், எனவே அதற்குக் கீழேதான் கேட்போம். −30-லிருந்து −20-க்குப் போனால் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தோன்றும். ஆம்ப்ளிஃபயர் தர வேண்டிய சக்தியோ பத்து மடங்கு.

ரிமோட் வேலை செய்யவில்லை என்றால், செல்போனின் முன் கேமராவில் அதன் முனையைப் பார்த்தபடி பட்டனை அழுத்துங்கள். பல போன்களில் ஊதா நிறத்தில் மினுக்குவது தெரியும். தெரியாவிட்டால் முதலில் பேட்டரியைச் சந்தேகப்படலாம். மினுக்குகிறது, ஆனாலும் ரிசீவர் அசையவில்லை என்றால் உணரியை எதாவது மறைக்கிறதா, நேர் வெயில் விழுகிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் முகவரிதான் பாக்கி. ஒரே வீட்டில் இரண்டு ரிசீவர் இருந்தால் குழம்பக் கூடாது என்று யமஹா போன்ற நிறுவனங்கள் ரிமோட் ஐடி 1, 2 என்று இரண்டு முகவரி வைத்திருக்கின்றன. பேட்டரியைக் கழற்றி வெகுநேரம் வைத்திருந்தால் சில ரிமோட்கள் தங்கள் அமைப்பை மறந்துவிடும். ரிமோட்டிலும் ரிசீவரிலும் ஐடி ஒன்றாக இருக்கிறதா என்று கையேட்டைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.