பைசெப்ஸ் தூக்குகிறதா, இடுப்பு தூக்குகிறதா?

வலது முழங்கையை மடக்கி, உள்ளங்கை கீழே பார்க்கும்படி முன்கையை மேசைமேல் வையுங்கள். இடது கை விரல்களால் வலது புஜத்தைத் தொட்டுக்கொண்டு, உள்ளங்கையை அழுத்தமாக மேல்பக்கம் திருப்புங்கள். முழங்கை கொஞ்சம்கூடக் கூடுதலாக மடங்கவில்லை. ஆனாலும் விரலுக்கடியில் புஜம் புடைத்து எழும்.

பைசெப்ஸ் கையை மடக்கும் தசை என்றுதான் ஜிம்மில் சொல்லிக்கொடுக்கிறார்கள். முன்கையைத் திருப்புவதும் அதன் வேலைதான். முன்கையில் உள்ள இரண்டு எலும்புகளில், கட்டைவிரல் பக்கத்து எலும்பில்தான் பைசெப்ஸின் கீழ்நுனித் தசைநாண் ஒட்டியிருக்கிறது. உள்ளங்கை கீழே பார்க்கும்போது அந்த நாண் எலும்பின்மேல் பம்பரத்தில் சாட்டைக் கயிறு சுற்றியதுபோல் படிந்திருக்கும். தசை இழுத்ததும் சுற்று பிரிகிறது, எலும்பு உருள்கிறது, உள்ளங்கை மேலே வருகிறது. வலது கையால் திருகாணியை முறுக்கும்போது நடப்பதும் இதுதான்.

நின்றபடி, எடை மாட்டிய ராடை முழங்கையை மடக்கித் தூக்கும் பயிற்சிதான் பார்பெல் கர்ல். அதில் உள்ளங்கை மேலே பார்க்கும்படி ராடைப் பிடிப்பதற்குக் காரணமும் இதுவே. கவிழ்த்துப் பிடித்தால் பைசெப்ஸ் நன்றாக இழுக்க முடியாத நிலைக்குப் போய்விடும். அதன் அடியில் படுத்திருக்கும் பிரேக்கியாலிஸ் என்ற தசையும் முன்கைத் தசைகளும் பெரும்பாரத்தை எடுத்துக்கொள்ளும். நேரான ராடு சிலருக்கு மணிக்கட்டில் வலி தரும். கையைத் தொங்கவிட்டால் முன்கை உடம்பைவிட்டுச் சற்று வெளிப்பக்கம் சாய்ந்திருப்பது இயல்பு. அந்தச் சாய்வு ஆளுக்கு ஆள் வேறுபடும். மணிக்கட்டு வலிக்கிறவர்கள் வளைந்த இஸட் ராடை எடுப்பதில் தவறே இல்லை.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். முழங்கையிலிருந்து உள்ளங்கை நடுப்பகுதி வரை ஏறக்குறைய 35 செ.மீ. இருக்கும். பைசெப்ஸ் இழுக்கும் கோடு முழங்கை மூட்டின் மையத்திலிருந்து 4 அல்லது 5 செ.மீ. தள்ளித்தான் போகிறது. பள்ளியில் படித்த மூன்றாம் வகை நெம்புகோல், இடுக்கியைப் போல. பிளேட் (எடைத் தட்டு) எதுவும் மாட்டாத 20 கிலோ ஒலிம்பிக் ராடைத் தூக்கினால் ஒரு கைக்கு 10 கிலோ. முன்கை தரைக்கு இணையாக இருக்கும் நொடியில், முழங்கையை மடக்கும் தசைகள் சேர்ந்து அதைப்போல ஏழெட்டு மடங்கு, அதாவது 80 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்க வேண்டும். இந்த நட்டத்துக்கு ஈடாக நமக்குக் கிடைப்பது வேகம். தசை ஒரு சென்டிமீட்டர் சுருங்கினால் உள்ளங்கை ஏழெட்டு சென்டிமீட்டர் நகர்கிறது.

ராடின் எடை மாறுவதில்லை, ஆனால் பாரம் மாறிக்கொண்டே இருக்கிறது. முழங்கையிலிருந்து ராடு எவ்வளவு தூரம் முன்னால் இருக்கிறது என்பதுதான் திருப்புத்திறனைத் தீர்மானிக்கிறது. கை தொங்கும்போது அந்தத் தூரம் கிட்டத்தட்ட பூஜ்ஜியம். பாதி வழியில், 45 பாகையில், 25 செ.மீ. முன்கை தரைக்கு இணையாக வரும்போது முழுதாக 35 செ.மீ. அதற்குமேல் மறுபடியும் குறைகிறது. கடைசி ரெப்பில் (ஒருமுறை தூக்கி இறக்குவது ஒரு ரெப்) ராடு எப்போதும் வயிற்றுக்கு நேராக வந்து சிக்கிக்கொள்வது இதனால்தான்.

தப்பு ஆரம்பிப்பதும் அந்த இடத்தில்தான். இடுப்பை முன்னால் தள்ளி, முதுகைப் பின்னால் வீசினால் ராடுக்கு ஒரு வேகம் கிடைக்கிறது. அந்த வேகத்திலேயே கடினமான நடுப்பகுதியை அது தாண்டிவிடுகிறது. பைசெப்ஸ் அதிகம் உழைத்திருக்க வேண்டிய இடத்தில் பாதிச் சுமையை இடுப்பும் தொடையும் சுமந்துவிட்டன. கீழ்முதுகோ வளைந்த நிலையில் அந்த வீச்சைத் தாங்குகிறது.

முழங்கை முன்னால் நழுவுவது இன்னொரு தப்பு. பார்ப்பதற்குத் தப்பாகவே தெரியாது. முழங்கை விலாவை விட்டு முன்னால் ஏறினால் தோள்தசை உதவிக்கு வந்துவிடுகிறது. மேலே போனதும் முன்கை செங்குத்தாகி, ராடு முழங்கைக்கு நேர்மேலே வந்து உட்கார்ந்துகொள்கிறது. தூரம் பூஜ்ஜியம், பைசெப்ஸுக்கு ஓய்வு. நானும் ஒரு வருடத்துக்கு மேல் இப்படித்தான் தூக்கிக்கொண்டிருந்தேன். எடை ஏறியது, புஜம் ஏறவில்லை. முழங்கை கதவுக் கீல் மாதிரி. கீல் ஒரே இடத்தில் இருந்தால்தான் கதவு திறப்பதில் அர்த்தம் உண்டு.

அதற்காக உடம்பைக் கம்பம்போல் விறைக்க வேண்டாம். 70 கிலோ ஆள் 30 கிலோ ராடை 35 செ.மீ. முன்னால் பிடித்தால், இரண்டும் சேர்ந்த ஈர்ப்பு மையம் சுமார் 10 செ.மீ. முன்னால் நகர்கிறது. அதைச் சமன்செய்ய உடம்பு மயிரிழை பின்னால் சாய்வது இயற்கை. அந்தச் சாய்வு கணுக்காலிலிருந்து வரட்டும், கீழ்முதுகு வளைந்து வரக் கூடாது. பிட்டத்தையும் வயிற்றையும் இறுக்கிக்கொண்டு, முழங்காலை லேசாகத் தளர்த்தி நின்றால் போதும். மணிக்கட்டு நேராக இருக்கட்டும்; பின்னால் மடிந்தால் முதலில் வலிப்பது அதுதான்.

அப்புறம், இறக்குவது. மேலே போன ராடைத் தொப்பென்று விடுகிறவர்கள் பாதிப் பயிற்சியைத் தூக்கிப் போடுகிறார்கள். சுருங்கும்போது தருவதைவிட, இழுபட்டு நீளும்போது தசையால் அதிக விசை தர முடியும். தூக்க முடியாத எடையைக்கூட நிதானமாக இறக்க முடிவது அதனால்தான். இரண்டு மூன்று நொடி எடுத்து, கை ஏறக்குறைய நேராகும் வரை இறக்குங்கள். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ வரும் வலி பெரும்பாலும் இந்த இறக்கத்தின் விளைவுதான். ஆனால் அடியில் வந்து வெட்டி இழுக்கக் கூடாது. முழங்கை அருகே பைசெப்ஸ் நாண் அறுந்துபோவது, மடங்கிய கையைப் பெரிய பாரம் திடீரென்று நீட்டிவிடும்போதுதான் அதிகம் நடக்கிறது. நாற்பது வயதைத் தாண்டிய ஆண்களிடம் இதைக் கூடுதலாகக் காண்கிறோம்.

உங்கள் கர்ல் எப்படி என்று பார்க்க ஒரு சுவர் போதும். குதிகாலைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி வைத்து, பிட்டமும் தோள்பட்டையும் சுவரில் பட நின்று தூக்குங்கள். ஸ்ட்ரிக்ட் கர்ல் போட்டிகளில் வீரர்கள் தூக்குவதும் இப்படிச் சாய்ந்துதான். வழக்கமாக 30 கிலோவில் பத்து ரெப் அடிப்பவருக்கு இங்கே 20 கிலோவே கனக்கலாம். சுவரில் பத்து ரெப் ஒழுங்காக வரும் எடையைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பக்கத்துக்கு 1.25 கிலோ பிளேட்டாகக் கூட்டிக்கொண்டு போங்கள்.